ஆழம் போதாத தோல்வி

ஆர்க்வெல்டன் ஆலோசனைக் கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டுமானால் முதலில் உருப்படியான தோல்வி ஒன்று கைவசம் இருக்க வேண்டும். படிப்பு, மார்க்கு, அனுபவம் எல்லாம் அப்புறம்தான். பானுப்ரியாவுக்கு இது தெரியாது. சான்றிதழ்களையெல்லாம் ஒழுங்காக ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு, இஸ்திரி போட்ட சுடிதாரோடு முதல் சுற்றுப் பேட்டிக்கு லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தாள் பாவம்.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் அவளுக்கு வேலை. வெளிநாட்டுக்குப் போகிற முந்திரிக்கும் உப்புக்கும் முருங்கைப் பொடிக்கும் கப்பல் பத்திரம் தயாரிப்பாள். எம்.பி.ஏ. படித்தவள். அப்பா அய்யாக்குட்டி பழைய துறைமுகத்துப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு.

ஆலோசனைக் கம்பெனி என்றால் என்ன யாவாரம் என்று அய்யாக்குட்டி கேட்டார்.

“மத்த கம்பெனிக்குப் போயி, அங்கன என்ன தப்பு நடக்குன்னு பாத்து யோசனை சொல்லுவாவப்பா.”

“என்ன தப்புன்னு யாருட்ட கேப்பாவ?”

“அங்க வேலை பாக்குதவங்ககிட்டதான்.”

“அப்ப அவனுவளே மொதலாளிகிட்ட சொல்லிரலாம்லா?”

“அவங்க சொன்னா மொதலாளி கேக்க மாட்டாரு. இவங்க கோட்டு மாட்டிக்கிட்டு, படம் போட்டுச் சொல்லுவாங்க. அப்ப கேப்பாரு.”

“நல்ல யாவாரம்தான். குடோனும் வேண்டாம், எலித்தொல்லையும் கிடையாது,” என்று அய்யாக்குட்டி ஒப்புக்கொண்டார்.

பெங்களூரில் வேலை. பானுப்ரியா அதற்கு ஆசைப்பட்டது கோட்டுக்காக அல்ல, அம்மாவுக்காக. அவளுக்கு செந்தில்முருகன் என்று ஒரு அண்ணன் இருந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், மதுரை பஸ்ஸில் வந்த பானுப்ரியா பைபாஸில் இறங்கி வீட்டுக்குப் போன் செய்தாள். ஆட்டோ பிடித்து வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். பொம்பளைப் பிள்ளை இந்த மழையில் தனியாக ஆட்டோவில் வருவானேன் என்று அம்மா முத்துக்கனி, அவளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு மகனை பைக்கில் அனுப்பினாள். அவன் பைபாஸ் போய்ச் சேரவில்லை. துறைமுகத்துக்குத் திரும்பிய கன்டெய்னர் லாரி ஒன்று வழியிலேயே அவனை முடித்துவிட்டது.

அனுப்பியது அம்மா என்று வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் ஒருநாளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. முத்துக்கனி அதற்குப் பிறகு வீட்டு வாசலைத் தாண்டவில்லை. கல்யாணமா, கோயிலா, கூடப்பிறந்த தம்பி வீட்டு விசேஷமா, எங்கே கூப்பிட்டாலும் “அந்த ரோட்டத் தாண்டணுமே” என்பாள். அழவும் இல்லை. மழை பெய்தால் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எப்படியாவது அம்மாவை இந்த ஊரைவிட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். பானுப்ரியாவுக்கு வேறு யோசனையே கிடையாது.

முதல் சுற்றில் தாடி வைத்த ஒரு பையன் திரையில் வந்தான். ஒரு கன்டெய்னரில் எத்தனை டென்னிஸ் பந்து கொள்ளும் என்று கேட்டான். தினமும் கன்டெய்னரோடு மாரடிக்கிறவள், இருபது அடியா நாற்பது அடியா, பந்து பெட்டியில் வருகிறதா சாக்கில் வருகிறதா என்று திருப்பிக் கேட்டாள். அவன் முகம் சுளித்தான். எத்தனை என்பது கம்பெனிக்கு முக்கியமில்லை, தயங்காமல் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும் என்று விளக்கினான். சொன்னாள். சந்தோஷப்பட்டான்.

கடைசியாக, “உங்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய தோல்வி?” என்றான்.

பானுப்ரியாவிடம் இருந்ததெல்லாம் சில்லறைத் தோல்விகள். கொச்சிக்குப் போக வேண்டிய சரக்குக்குக் கொழும்பு என்று பத்திரம் போட்டு, மறுநாளே திருத்திய கதையைச் சொன்னாள். தாடிக்காரன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு நன்றி சொன்னான்.

ஆர்க்வெல்டனுக்கு ஒரு பெருமை உண்டு. ஒவ்வொரு சுற்று முடிந்ததும், பேட்டிக்கு வந்தவர் தம் குறை என்ன என்று போன் செய்து கேட்டுக்கொள்ளலாம். ‘ஃபீட்பேக் ஒரு பரிசு’ என்று அவர்கள் இணையதளத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கேட்கலாமா, கேட்டால் தப்பாக நினைப்பார்களா என்று பானுப்ரியா தயங்கினாள். அய்யாக்குட்டிதான் தைரியம் கொடுத்தார்.

“குறை சொல்லுத ஆளுதான் திரும்பி வருவான்ளா. ‘உங்க பருப்பு வேகல அண்ணாச்சி’ன்னு சண்டைக்கு வாரான் பாரு, அவன் நம்ம ஆளு. ஒண்ணும் சொல்லாம சிரிச்சிட்டுப் போறவன் அடுத்த கடைக்குப் போயிருவான். நீ கேளு. என்ன குறைன்னு கேட்டு, அடுத்த தடவைக்குள்ள சரிபண்ணிரு.”

கடைத்தெருவில் இந்தப் புத்தி ஒருநாளும் தப்பியதில்லை. இதை நம்பித்தான் அந்தப் பெண் கெட்டாள்.

போனை எடுத்தது ஈவாஞ்சலின். ஆள் எடுக்கிற பிரிவில் இருந்தாள். அவள் பதவியின் பெயர் மூச்சு வாங்காமல் சொல்ல முடியாத நீளம். “நானும் உங்க பக்கம்தான் பானு, மணப்பாடு,” என்று அவள் சொன்னதும் பானுப்ரியாவுக்குப் பாதி பயம் போய்விட்டது.

“கேஸ்ல, அந்தப் பந்துக் கணக்குல, நீங்க சூப்பர். தோல்விதான் வீக்கா இருந்தது. யாருக்குமே அடிபடலையே பானு.”

“மறுநாளே சரிபண்ணிட்டேன் மேடம்.”

“அதான் பிரச்சினை. சரிபண்ணக்கூடிய தோல்வியை வச்சு நாங்க என்ன செய்ய? நாங்க ஆளை எடுக்கிறதில்லை, ஆழத்தை எடுக்கிறோம். போன வருஷம் ஒருத்தரை எடுத்தோம், ரெண்டு கிட்னியும் போனவர். என்ன ஒரு ஆழம் தெரியுமா! இப்ப லீவுல இருக்கார். அப்பா அம்மா டைவர்ஸ் எல்லாம் மூணு வருஷம் முன்னாடி எடுபட்டுச்சு. இப்ப எல்லாரும் அதையே கொண்டு வர்றாங்க. நீங்க உண்மையிலேயே எதையாவது இழந்திருக்கீங்களா?”

“அது வந்து மேடம்...” என்று இழுத்தாள் பானுப்ரியா. அந்த இழுப்பே ஈவாஞ்சலினுக்குப் போதுமானதாக இருந்தது. “பாத்தீங்களா, இருக்கு! அதை அடுத்த ரவுண்டுக்குக் கொண்டு வாங்க,” என்றாள் குதூகலமாக.

இரண்டாம் சுற்றில் பானுப்ரியா அண்ணனைச் சொன்னாள். இங்கிலீஷில் சொன்னாள். மழை, பைபாஸ், பேக்கரி வாசலில் ஒதுங்கி நின்றது, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. நடுவில் அழுதுவிட்டாள், துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். திரையில் இருந்த அம்மாள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வேகமாக டைப் அடித்தாள். முடிந்ததும், “பகிர்ந்துகொண்டதற்கு நன்றி. இதில் உங்கள் பங்கு என்ன?” என்று கேட்டாள்.

“நான் நின்றுகொண்டிருந்தேன்,” என்றாள் பானுப்ரியா.

அன்று ராத்திரிச் சோறு அவளுக்கு இறங்கவில்லை. அண்ணனைச் சந்தையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்ததாகப் பட்டது. மறுநாள் குறை கேட்கப் போன் செய்தபோது, வேண்டாம், எடுக்க மாட்டோம் என்று அவர்களே சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

ஈவாஞ்சலின் துள்ளினாள். “கன்டென்ட் பிரமாதம்! ஃபைனல் ரவுண்டு வந்துட்டீங்க. மூணே மூணு ஃபீட்பேக். ஒண்ணு, அழுகை. வரலாம், தப்பில்லை, ஆனா சீக்கிரம் மீண்டு வரணும். கிளையன்ட் முன்னாடி எத்தனை நேரம் அழுவீங்க? ரெண்டு, அந்த இழப்பில் நீங்க கத்துக்கிட்டது என்ன? மூணு பாயின்ட். நாலு சொன்னா ஃபைனல்ல உக்கார்ற பார்ட்னருக்குக் கவனம் சிதறும். மூணாவதுதான் முக்கியம். நீங்க சும்மா நின்னுருக்கீங்க பானு. தலைமைப் பண்பு உள்ளவங்க நிக்க மாட்டாங்க. அண்ணன் செத்ததை நீங்க ஓன் பண்ணவே இல்லை.”

“அவன் செத்ததுக்கு நான் காரணம் இல்லையே மேடம்.”

“காரணம்னு நாங்க சொல்றதில்லை. அது நெகட்டிவ். பொறுப்பு ஏத்துக்கிறதுன்னு சொல்லுவோம். அவரை யார் வரச்சொன்னது?”

வீட்டுக்குள்ளேயே சொல்லாத ஒன்றைப் பெங்களூருக்கு எப்படிச் சொல்வது?

“நீங்களே வரச்சொன்னதா வச்சுக்கோங்க,” என்றாள் ஈவாஞ்சலின். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நானே அப்படித்தான் உள்ள வந்தேன். எங்க அக்கா வீட்டுக்காரர் கடலுக்குப் போனவர் வரல. அன்னைக்குப் போகாதீங்கன்னு நான் தடுத்திருக்கணும்னு சொன்னேன். அப்ப அஞ்சு ரவுண்டு இருந்துச்சு, அஞ்சுலயும் சொன்னேன் பானு. இப்ப அவரை நினைச்சா எனக்கு அழுகையே வாரதில்லை. அதுதான் இந்த ப்ராசஸோட பலன்.”

போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னாள். இறுதிச் சுற்றில் பார்ட்னர், அதாவது கம்பெனியின் பங்குதாரர்களில் ஒருவர், இருப்பார். அவர் தமிழர். தோல்வியை மட்டும் தாய்மொழியில், ஊர்ப்பேச்சில் சொன்னால்தான் அவருக்கு உண்மையாகத் தெரியும்.

ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பானுப்ரியா மாடிப்படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து பழகினாள். ‘நான்தான் வரச்சொன்னேன்’ என்கிற இரண்டு வார்த்தை முதலில் வாயிலேயே வரவில்லை. நாலைந்து நாளில் வந்தது. அதற்குப் பிறகு சுலபமாக வந்தது. சுலபமாக வருகிறதே என்றுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

இறுதிச் சுற்று ஒரு சனிக்கிழமை. சத்தம் வரக்கூடாது என்று அய்யாக்குட்டி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வந்த ஆட்களை எல்லாம் சைகையிலேயே விசாரித்து அனுப்பினார். பேட்டி இங்கிலீஷில்தான் நடக்கும், நமக்கு ஒன்றும் விளங்காது என்று நினைத்துக்கொண்டு முத்துக்கனி அடுக்களையில் இருந்தாள். பானுப்ரியாவும் அவளிடம் வேறு மாதிரி சொல்லவில்லை.

பார்ட்னருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சங்கரபாண்டியன். அமெரிக்காவில் அதை ஷாங்க் என்று சுருக்கியிருந்தார்கள். அவரும் திரும்பி வரும்போது நீட்டிக்கொள்ளவில்லை.

“தூத்துக்குடி! முத்து ஊர்!” என்றார் ஷாங்க். “எங்க ஃபிலாசஃபியே அதுதான் பானு. சிப்பிக்குள்ள ஒரு காயம். அந்தக் காயத்தைச் சுத்தி சிப்பி வேல்யூ ஆட் பண்ணுது. காயம் இல்லேன்னா முத்து இல்லை. அதனாலதான் நாங்க ஹேப்பியான ஆளுங்களை எடுக்கிறதே இல்லை. எடுத்த பிறகும் அவங்க ஹேப்பியா இருந்துடாம பாத்துக்கிறோம்.”

முத்தெடுத்த காலத்தில் சிப்பியைக் கரையில் குவித்து, அழுகவிட்டுத்தான் முத்தைப் பொறுக்குவார்கள் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஷாங்கின் தத்துவம் அந்த இடம் வரைக்கும் போகவில்லை.

“சொல்லுங்க, உங்க தோல்வி. நம்ம தமிழ்ல, ஹார்ட்ல இருந்து.”

பானுப்ரியா சொன்னாள். “அன்னைக்கு நல்ல மழை சார். நான் பைபாஸ்ல எறங்கி நின்னேன். ஆட்டோ பிடிச்சு வந்திருக்கலாம். பிடிக்கல. எங்க அண்ணனுக்குப் போன் போட்டு வரச்சொன்னேன். நான்தான் வரச்சொன்னேன். வார வழியில லாரி அடிச்சிட்டு. அவன் செத்ததுக்கு நான்தான் பொறுப்பு. இதுல நான் மூணு விஷயம் படிச்சேன். ஒண்ணு, ஆபத்தை முன்கூட்டியே கணிக்கணும். ரெண்டு, மாத்து வழி ஒண்ணு எப்பவும் வச்சிக்கிடணும். மூணு, ஒரே ஆளை நம்பி எந்த வேலையும் இருக்கக்கூடாது.”

“லவ்லி,” என்றார் ஷாங்க். “அந்த இழப்பை நம்பர்ல சொல்ல முடியுமா?”

“எதை சார்?”

“இழப்பை. எவ்வளவுன்னு. எங்க கிளையன்ட்ஸ் நம்பர் கேப்பாங்க.”

பானுப்ரியா படிக்கட்டில் பழகியதில் இது இல்லை.

“ஒண்ணு சார்,” என்றாள். “ஒருத்தன்தான் இருந்தான்.”

ஷாங்க் அதைக் குறித்துக்கொண்டார். நன்றி சொல்லி மறைந்தார்.

லேப்டாப்பை மூடிவிட்டுத் திரும்பினாள். கதவோரத்தில் முத்துக்கனி நின்றாள். கையில் கருப்பட்டிக் காப்பி. பிள்ளை தொண்டை காயப் பேசுகிறாளே என்று கொண்டுவந்திருக்கிறாள்.

“நீயா வரச்சொன்ன?”

“அம்மா, அது வந்து, வேலைக்காக...”

“ஏளா, அவன நீயா போன் போட்டு வரச்சொன்ன? நான் போடான்னு சொல்லுததுக்கு முன்னாலயே அவன் சாவியக் கையில வச்சிருந்தான். நான் சொல்லி வாய மூடல, வண்டிய எடுத்துட்டான். என்ன இவ்வளவு அவசரம்னு நெனச்சேன். நீ கூப்பிட்டதனாலதானா? நான் சொல்லிப் போகலியா அவன்?”

செந்தில்முருகன் எள் என்பதற்குள் எண்ணெயோடு நிற்கிற ரகம். எப்போது கூப்பிட்டாலும் சாவி அவன் கையில்தான் இருக்கும். இது முத்துக்கனிக்குத் தெரியாததல்ல. ஆனால் அவள் குரலில் கோபத்துக்கு அடியில் ஒரு கெஞ்சல் இருந்தது. சொல்லு, சொல்லிவிடு என்று அந்தக் கண் மகளைக் கேட்டது. பானுப்ரியாவுக்கு அது நன்றாக விளங்கியது. ஐயோ, விளங்காமல் இருந்திருக்கக்கூடாதா!

“ஆமாம்மா. நான்தான் கூப்பிட்டேன். நீ சொல்லாட்டாலும் அவன் வந்திருப்பான்.”

டம்ளர் கீழே விழுந்து உருண்டது. முத்துக்கனி மகளைக் கன்னத்திலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள். அடித்து ஓய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்து, “எம்மோனே” என்று வாய்விட்டுக் கத்தினாள். மூன்று வருஷத்தில் அன்றுதான் அழுதாள். கடையிலிருந்து ஓடிவந்த அய்யாக்குட்டி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

புதன்கிழமை ஈவாஞ்சலின் கூப்பிட்டாள்.

“ஷாங்க் ரொம்ப நெகிழ்ந்துட்டார் பானு. ஆனா, சாரி. நம்பும்படியா இல்லையாம்.”

“எது மேடம்?”

“நீங்க வரச்சொன்னதா சொன்னது. உண்மையில் அப்படிச் செஞ்சவங்க அவ்வளவு கோர்வையா சொல்ல மாட்டாங்களாம். மனப்பாடம் பண்ணின மாதிரி இருந்ததாம். நீங்க நீங்களா இருந்திருக்கலாம். மனசு விட்டுராதீங்க. அடுத்த வருஷம் விண்ணப்பிக்கலாம். அதுக்குள்ள புதுசா ஏதாவது நடந்தா கட்டாயம் சேர்த்துக்கோங்க. அப்புறம், எங்க ஃபீட்பேக் உங்களுக்கு உபயோகமா இருந்துச்சான்னு ஒரு மெசேஜ் வரும். அஞ்சு ஸ்டார் போட்டுருங்க.”

“மேடம், உங்க அத்தான் பேரு என்ன?”

“எந்த அத்தான்?”

“கடலுக்குப் போனவரு.”

“ஒரு நிமிஷம்,” என்றாள் ஈவாஞ்சலின். சற்று நேரம் கழித்து, “கிளைட்டன்,” என்றாள். அந்தப் பெயரைச் சொன்ன குரல் பெங்களூர்க் குரலாக இல்லை. உடனே போனை வைத்துவிட்டாள்.

கடையில் அய்யாக்குட்டி காத்திருந்தார். “குறை ஏதும் சொன்னாவளா?”

“சொன்னாவப்பா.”

“அப்ப எடுத்துக்கிடுவாவ,” என்றார். மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, “இல்லியா?” என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அவர் பருப்புச் சாக்கின் வாயைச் சுருட்டி விட்டார். மறுபடி பிரித்தார். “நீ அவனுக்குப் போன் பண்ணலன்னு எனக்குத் தெரியும்மா. அவ போடான்னு சொல்லையில நான் பக்கத்துலதான் நின்னேன். நானும் ஆமா, போயிட்டு வாலேன்னுதான் சொன்னேன்.” சாக்குக்குள் கையை விட்டுப் பருப்பை அளைந்தார். “உங்கம்மா இப்ப தூங்குதா. ரெண்டு வேளை சோறு திங்கா. நேத்து திருச்செந்தூருக்குப் பஸ்ஸேறிப் போயிட்டு வந்திருக்கா. மாத்திச் சொல்லிராத மக்கா. உன் காலப் பிடிச்சுக் கேக்கேன்.”

“சரிப்பா,” என்றாள் பானுப்ரியா. வேறு என்ன சொல்ல முடியும்?

முத்துக்கனி மகளோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். சோற்றைப் போட்டுத் தட்டைத் தள்ளி வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அம்மாவை வெளியூர் கூட்டிக்கொண்டு போக வேண்டிய அவசியமே இப்போது இல்லை. அம்மா தானாகவே எல்லா ஊருக்கும் போய் வந்தாள், மகள் இல்லாமல்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் நல்ல மழை. ஆபீஸிலிருந்து நனைந்து வந்த பானுப்ரியா அறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். முத்துக்கனி உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் மகளிடம் வாயைத் திறந்தாள்.

“நீ போன் போட்டியே, அவன் என்னளா சொன்னான்?”

பானுப்ரியா துண்டைக் கொடியில் போட்டாள்.

“கடைசியா உங்கிட்டதான பேசிருக்கான். என்ன சொன்னான், சொல்லு.”

“இங்கன நல்ல மழை, நீ கடை ஓரமா ஒதுங்கி நில்லு, இந்தா வாரேன்னு சொன்னான்மா.”

“சிரிச்சுக்கிட்டா சொன்னான்?”

“ஆமா.”

“வேற?”

“வேற ஒண்ணும்...” என்று ஆரம்பித்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “அம்மா கொழம்பு வச்சிக்கிட்டிருக்கா, சூடா இருக்கும்போதே வந்து சாப்பிடுவோம்னு சொன்னான்.”

“எம் பேரச் சொன்னானா?”

“சொன்னான்மா.”

முத்துக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் சாயங்காலமும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். “முதல்ல இருந்து சொல்லு,” என்றாள்.